விஸ்கோஸ் கம்பளம்: வாங்கும் முன்பும் விரித்த பின்பும்

கடையில் வரிசையாக விரித்துப் போட்டிருக்கும் கம்பளங்களில் கண்ணை முதலில் இழுப்பது பெரும்பாலும் விஸ்கோஸ் கம்பளம்தான். விளக்கு வெளிச்சம் பட்டதும் பட்டுப் போல மினுங்கும். உள்ளங்கையால் ஒரு பக்கமாக நீவினால் நிறம் வெளிறும், எதிர்ப்பக்கமாக நீவினால் அதே நிறம் அடர்ந்து ஆழமாகும். வெறுங்காலை வைத்தால் குளிர்ச்சியாக, வழுவழுவென்று இருக்கும். விலையோ அசல் பட்டுக் கம்பளத்துக்குப் பக்கத்திலேயே வராது. இவ்வளவும் சேர்ந்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

எனக்கும் வந்தது. வெளிர் சாம்பல் நிறத்தில் ஒன்றை வாங்கிக் கூடத்தில் விரித்தேன். சில வாரங்களில் ஒரு தம்ளர் தண்ணீர் அதன்மேல் கவிழ்ந்தது. வெறும் தண்ணீர்தானே என்று ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டேன். மறுநாள் காலையில் அந்த இடத்தில் ஒரு மஞ்சள் வளையம் தெரிந்தது. வளையத்துக்குள் நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துக் கிடந்தன. விற்றவரோ பராமரிப்பே தேவையில்லை என்று சொல்லியிருந்தார். விஸ்கோஸுக்குத் தண்ணீரே கறை என்று அன்றைக்கே தெரிந்திருந்தாலும் அந்தக் கம்பளத்தை வாங்கித்தான் இருப்பேன். ஆனால் வேறு அறையில் விரித்திருப்பேன். முதன்முறையாக விஸ்கோஸ் வாங்கப் போகிறவர்களுக்கு அந்தத் தகவல் முன்கூட்டியே கிடைக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது என்ன இழை?

விஸ்கோஸ் என்றால் ரேயான். சட்டைத் துணியில் ரேயான் என்று படித்திருப்பீர்கள். அதே இழைதான் கம்பளத்துக்கும் வருகிறது. மூலப்பொருள் மரம். மரக்கூழில் இருக்கும் செல்லுலோஸைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்ஃபைடுடன் வினைபுரிய விட்டு, மறுபடியும் நீர்த்த காஸ்டிக் சோடாவில் கரைத்தால், தேனைப் போல இழுபடும் ஆரஞ்சு நிறக் கரைசல் கிடைக்கும். அந்தப் பிசுபிசுப்பை வைத்துத்தான் விஸ்கோஸ் என்று பெயர் வந்தது. கரைசலை மிக நுண்ணிய துளைகள் வழியாகக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சும்போது செல்லுலோஸ் மீண்டும் கெட்டியாகி இழையாக வெளியே வரும். 1892-இல் இங்கிலாந்தில் சார்லஸ் கிராஸ், எட்வர்ட் பெவன், கிளேட்டன் பீடில் ஆகிய மூவரும் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். கோர்ட்டால்ட்ஸ் நிறுவனம் 1905-இல் கவன்ட்ரி நகரில் இதைப் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கியது. பட்டுக்கு மலிவான மாற்று தேடிய காலம் அது. அதனால் தொடக்கத்தில் செயற்கைப் பட்டு என்றே விற்றார்கள். ரேயான் என்ற பெயர் 1924-இல்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது.

ஆக, இது பாலியெஸ்டர், நைலான் போலப் பெட்ரோலியத்தில் பிறந்ததும் இல்லை, பருத்தி போலச் செடியிலிருந்து அப்படியே பறித்ததும் இல்லை. மரத்தைக் கரைத்து மனிதர் மறுபடி நூலாக்கிய பொருள்.

மினுமினுப்புக்கும் காரணம் இதுவே. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கும். பருத்தி இழை முறுக்கிய நாடாவைப் போல இருக்கும். இரண்டிலும் ஒளி சிதறிப்போகும். துளை வழியே வார்த்தெடுத்த விஸ்கோஸ் இழை நீளமாக, ஓரளவு சீராக இருப்பதால் ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புகிறது. சாயத்தையும் ஆழமாக உறிஞ்சிக்கொள்ளும். நீலம் நீலமாகவே, மயில்கழுத்து நிறம் மயில்கழுத்தாகவே கண்ணில் நிற்பது அதனால்தான்.

சாயத்தை உறிஞ்சுகிற அதே இழை தண்ணீரையும் உறிஞ்சும். சாதாரண அறைக் காற்றிலிருந்தே விஸ்கோஸ் தன் எடையில் 11 முதல் 13 விழுக்காடு வரை ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. பருத்தி சுமார் 8 விழுக்காடு எடுக்கும், பாலியெஸ்டர் அரை விழுக்காடு கூட எடுக்காது. பருத்தி நனைந்தால் அதன் பலம் கூடும். விஸ்கோஸ் நனைந்தால் கிட்டத்தட்டப் பாதி பலத்தை இழந்துவிடும். நனைந்த இழை வீங்கித் தளர்ந்திருக்கும்போது தேய்த்தால் உடைகிறது, மடங்கினால் மடங்கியபடியே காய்கிறது. ஈரம் மேலே ஏறிக் காயும்போது செல்லுலோஸிலிருந்து கரைந்த பொருள்களை நூலின் நுனிவரை தூக்கிச் சென்று அங்கே விட்டுவிடும். என் கம்பளத்தில் வந்த மஞ்சள் வளையம் அதுதான். கம்பளிக்கு இயற்கையாக உள்ள சுருள் தன்மையும் விஸ்கோஸுக்குக் கிடையாது. மிதித்த நூல் தானாக நிமிர்ந்து எழுவது குறைவு.

இந்த ஒரு விஷயம் மனத்தில் பதிந்துவிட்டால் இனிச் சொல்லப்போகும் படிகள் எல்லாவற்றையும் நீங்களே ஊகித்துவிடலாம். அழகும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அழகை வைத்துக்கொண்டு பலவீனத்தை மட்டும் போக்கும் மந்திரம் எதுவும் இல்லை. இடம் பார்த்து விரிப்பதுதான் வழி.

படி 1: கம்பளத்துக்கு முன் அறையைத் தேர்ந்தெடுங்கள்

பலரும் கம்பளத்தை வாங்கி வந்த பிறகு எங்கே போடலாம் என்று யோசிப்பார்கள். விஸ்கோஸில் அது தலைகீழாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் ஈரமும் உணவும் செருப்பும் வராத இடம் எது? அந்த இடம் இருந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

படுக்கையறை மிகப் பொருத்தம். கட்டிலைச் சுற்றி நடமாட்டம் குறைவு, பெரும்பாலும் வெறுங்கால்தான். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும் இடத்தில் அந்த மென்மை கிடைப்பதே இந்தக் கம்பளத்தின் முழுப் பயன் என்பேன். குளியலறைக் கதவு படுக்கையறைக்குள்ளேயே திறக்கிறது என்றால் மட்டும் கவனம் தேவை. ஈரக்கால் நேராகக் கம்பளத்தில் படாதபடி இடையில் ஒரு பருத்தி மிதியடி போடுங்கள், அல்லது கட்டிலின் மறுபக்கத்துக்குக் கம்பளத்தை நகர்த்திவிடுங்கள். படிக்கும் அறை, பூட்டியே கிடக்கும் விருந்தினர் அறை, யாரும் எதுவும் சாப்பிடாத வரவேற்பறை ஆகியவையும் சரி. சக்கர நாற்காலியை உருட்டும் மேசைக்கடியில் வேண்டாம். சக்கரம் நூலை நசுக்கிப் பாதை போட்டுவிடும்.

சாப்பாட்டு மேசைக்கடியில், வாசலில், சமையலறையில், பால்கனியில் விஸ்கோஸ் கூடவே கூடாது. தவழும் குழந்தையோ நாயோ பூனையோ உள்ள வீட்டிலும் சில வருடங்கள் பொறுத்திருங்கள் என்றே சொல்வேன். சிறுநீர் பட்ட இடத்தில் ஈரம், மஞ்சள், நாற்றம் மூன்றும் சேர்ந்து கொள்ளும். அதை முழுமையாக எடுக்கத் தண்ணீர் வேண்டும், தண்ணீரோ இதற்கு ஆகாது. அந்த வீடுகளுக்குக் கம்பளியோ, பாலிப்ரோப்பிலின் என்ற பிளாஸ்டிக் இழையோ நிம்மதி.

பலரும் யோசிக்காத ஓர் இடர் தரை துடைப்பது. டைல்ஸ் தரையை ஈரத்துணியால் துடைக்கும்போது கம்பள ஓரத்தை ஒட்டித் தேங்கும் நீரை விஸ்கோஸ் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல உள்ளே இழுத்துக்கொள்ளும். சில மாதங்களில் நான்கு ஓரமும் பழுப்பேறிவிடும். துடைக்கும் நாளில் ஓரங்களை உள்பக்கமாகச் சுருட்டி வைத்து, தரை முற்றிலும் உலர்ந்த பிறகே விரிக்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வர வேண்டும். பூந்தொட்டி, ஏசியிலிருந்து நீர் சொட்டும் இடம் இவற்றிலிருந்தும் விலகி இருக்கட்டும். நேர் வெயில் விழும் சன்னலடியில் விரித்தால் நிறம் மங்குவதோடு நூலும் நொய்ந்துபோகும். அங்கே வேறு வழியில்லை என்றால் திரைச்சீலை போட்டுவிட்டு விரியுங்கள்.

படி 2: பெயர்ச்சீட்டைப் படியுங்கள்

கடையில் பெரும்பாலும் விஸ்கோஸ் என்று சொல்லி விற்பதில்லை. மூங்கில் பட்டு, வாழைப் பட்டு, ஆர்ட் சில்க், ஃபாக்ஸ் சில்க், தாவரப் பட்டு என்று பெயர்கள் நீளும். அவற்றில் பெரும்பாலானவை விஸ்கோஸே. வாழைநாரைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு முரடு என்று தெரியும். தடவினால் வழுக்கும் வாழைப் பட்டு அந்த நாரிலிருந்து நேராக வந்திருப்பது அரிது. மூங்கிலும் அப்படித்தான். மூங்கிலைக் கூழாக்கி அதே ரசாயன முறையில் இழையாக்கினால் கிடைப்பது ரேயான். மூங்கில் துணி என்று விற்ற சில நிறுவனங்கள் மேல் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2009-இல் நடவடிக்கை எடுத்தது. மூங்கிலிலிருந்து செய்த ரேயான் என்று எழுத வேண்டுமே தவிர வெறுமனே மூங்கில் என்று எழுதக்கூடாது என்பது அதன் நிலை.

எனவே பெயரை விடுங்கள். கம்பளத்தின் பின்புறம் தைத்திருக்கும் சீட்டில் இழைகளின் விழுக்காட்டைத் தேடுங்கள். விஸ்கோஸ் 100 என்று இருக்கலாம், கம்பளி 70 விஸ்கோஸ் 30 என்று இருக்கலாம். அந்தச் சீட்டே இல்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். இது பட்டு, எழுதித் தர முடியாது என்று சொல்லும் இடத்தில் பட்டு விலை கொடுக்காதீர்கள்.

சந்தேகம் தீராவிட்டால் தீச்சோதனை ஒன்று உண்டு. கம்பளத்தின் மேல்பரப்பிலிருந்து ஓரிரு இழைகளை எடுங்கள். ஓரத்துக் குஞ்சத்திலிருந்து எடுக்க வேண்டாம், அது பல கம்பளங்களில் பருத்திப் பாவு நூல், அதாவது நெசவில் நீளவாக்கில் ஓடும் அடித்தள நூல். திறந்த இடத்தில், உலோகத் தட்டின் மேல், இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். விஸ்கோஸ் காகிதம் போலச் சட்டென்று எரியும், எரிந்த காகித மணம் வரும், மெல்லிய சாம்பல் மிஞ்சும். பட்டும் கம்பளியும் தயங்கித் தயங்கி எரிந்து, முடி கருகும் நாற்றத்தோடு, தொட்டால் நொறுங்கும் கரிய மணியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் விஸ்கோஸைப் போலவே எரியும் என்பதால் இந்தச் சோதனை பட்டு இல்லை என்றால் அதை மட்டுமே உறுதியாகச் சொல்லும். உங்களுக்கும் அதுதானே தெரிய வேண்டும்.

படி 3: கையால் சோதியுங்கள்

கம்பளத்தின் மேல் நிற்கும் நூல் நுனிகளைப் பைல் என்பார்கள். உள்ளங்கையைப் பைலின் மேல் வைத்து இருபது முப்பது தடவை அழுத்தித் தேயுங்கள். கொஞ்சம் பஞ்சு வருவது இயல்பு, புதுக் கம்பளங்கள் பலவும் உதிர்க்கும். உருண்டை உருண்டையாக வந்துகொண்டே இருந்தால் உள்ளே குட்டை இழைகளை முறுக்கிய நூல் இருக்கிறது என்று பொருள். நீள இழையால் செய்த நூல் குறைவாகவே உதிரும், மினுக்கமும் கூடுதல்.

அடுத்து, இரண்டு கட்டைவிரல்களாலும் பைலைப் பிரித்து அடிவரை பாருங்கள். அடித்துணி உடனே பல்லிளித்தால் நெருக்கம் போதாது. நெருக்கமும் குட்டையுமான பைலில் நூல்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கும். உயரமான, ஐதான விஸ்கோஸ் பைல் வாங்கும் நாளில் மேகம் போல இருக்கும், ஒரே வருடத்தில் படுத்துவிடும். கடையில் எனக்குப் பிடித்துப்போகும் பல கம்பளங்களை இந்த ஒரு காரணத்துக்காகவே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பிறகு ஒரு மூலையைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். முன்பக்க வடிவம் பின்பக்கத்திலும் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் அது கைமுடிச்சுக் கம்பளம். பின்னால் ஒரு துணி ஒட்டி எல்லாவற்றையும் மறைத்திருந்தால் அது டஃப்டட் வகை. துப்பாக்கி போன்ற கருவியால் நூலைத் துணிக்குள் குத்தி, லேடெக்ஸ் என்ற ரப்பர்ப் பசையால் பிடிக்க வைத்து, மேலே இன்னொரு துணியை ஒட்டியிருப்பார்கள். டஃப்டட் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், விலை குறைவதே அதனால்தான். ஆனால் லேடெக்ஸ் சில வருடங்களில் காய்ந்து பொடியாக உதிரக்கூடும் என்பதை அறிந்து வாங்குங்கள். பின்பக்கத்தை முகர்ந்தும் பாருங்கள். கடுமையான ரப்பர் நாற்றம் கடையிலேயே வீசினால் மூடிய அறையில் நெடுநாள் போகாது.

சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்க வெள்ளைப் பருத்தித் துணியை லேசாக ஈரமாக்கி, பிழிந்து, கண்ணில் படாத மூலையில் ஒற்றிப் பாருங்கள். முழுக் கம்பளத்தில் சோதிக்கத் தயக்கமாக இருந்தால் மாதிரித் துண்டு கேளுங்கள். மாதிரித் துண்டு கிடைத்தால் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காயவிடுங்கள். நாளை உங்கள் கம்பளத்தில் என்ன நடக்கும் என்பதை அந்தத் துண்டு இன்றே காட்டிவிடும்.

முதல் கம்பளம் என்றால் என் பரிந்துரை கலப்பு நூல். கம்பளித் தளத்தின் மேல் பூவேலையோ கோடுகளோ மட்டும் விஸ்கோஸில் மினுங்கும் வகையைப் பாருங்கள். மிதிபடுவதைக் கம்பளி தாங்கிக்கொள்ளும், ஒளியை விஸ்கோஸ் கொடுக்கும். முழு விஸ்கோஸின் தண்ணீர்போல் ததும்பும் பளபளப்பு அதில் இருக்காது. பதிலுக்கு ஆயுள் கூடும்.

படி 4: நிறமும் அளவும்

வெண்மை, தந்த நிறங்களில் மஞ்சளிப்பு முதலில் தெரியும். அடர் நீலம், கறுப்பில் காலடித் தடமும் தூசியும் தெரியும். இடைப்பட்ட சாம்பல், மணல், மங்கிய பச்சை, செம்பு நிறங்கள் இரண்டையும் பொறுத்துக்கொள்ளும். ஒரே நிறத்தைவிட இரண்டு மூன்று சாயல்கள் கலந்து மங்கலாக ஓடும் வடிவங்கள் நல்லது. விஸ்கோஸில் நிழல் விழுவது போல ஆங்காங்கே நிறம் மாறித் தெரிவது இயல்பு. வடிவம் இருந்தால் அது உறுத்தாது.

அளவுக்கு எளிய வழி, தரையில் பழைய செய்தித்தாள்களை விரித்துப் பார்ப்பது. கட்டிலுக்கடியில் போடுவதானால் இரு பக்கமும் ஒன்றரை முதல் இரண்டு அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சோபாவுக்கு முன்னால் என்றால் சோபாவின் முன்கால்களாவது கம்பளத்தின் மேல் நிற்கட்டும். சுவருக்கும் கம்பளத்துக்கும் இடையே ஓர் அடியாவது வெறுந்தரை தெரிந்தால் அறை பெரிதாகத் தோன்றும். நடுவில் தனித்தீவு போல மிதக்கும் சின்னக் கம்பளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அறையோடு ஒட்டாது.

படி 5: விரிப்பது

சுருளாக வந்த கம்பளத்தில் மடிப்புக் கோடுகள் இருக்கும். இஸ்திரிப் பெட்டி, நீராவி இரண்டையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். எதிர்ப்பக்கமாக லேசாகச் சுருட்டி வைத்து, பிறகு விரித்து, மூலைகளில் கனமான புத்தகங்களை வையுங்கள். சில நாட்களில் படிந்துவிடும்.

அடியில் ஒரு பேட், அதாவது தரைக்கும் கம்பளத்துக்கும் இடையில் போடும் மெத்தை விரிப்பு, கட்டாயம் வேண்டும். வழுக்காமல் இருக்க மட்டும் இல்லை. கம்பளம் நகர்ந்து நகர்ந்து மடங்கும்போதுதான் நூல் அதிகம் முறிகிறது. ஃபெல்ட் என்ற அழுத்திய தடித்த துணியும் இயற்கை ரப்பரும் சேர்ந்த பேட் நன்றாக உழைக்கும். பிவிசி வகை சில தரைகளில் கறை விடும். கம்பளத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 1 அங்குலம் சிறிதாக வெட்டிக்கொண்டால் வெளியே தெரியாது.

இப்போது எனக்கு மிகப் பிடித்த வேலை: திசையை முடிவு செய்வது. கம்பளத்தின் நீளவாக்கில் கையை ஓட்டினால் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், மறுபக்கம் எதிர்க்கும். வழுக்கும் திசையில்தான் நூல்கள் சாய்ந்திருக்கின்றன. நூல் நுனிகள் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கும் பக்கத்தில் நின்று பார்த்தால் நிறம் அடர்த்தியாக, செழிப்பாக இருக்கும். மறுபக்கம் போய் நின்றால் அதே கம்பளம் வெளிறி, வெள்ளி பூசியது போல மின்னும். அறைக் கதவில் நின்று பார்க்கும்போது உங்களுக்கு எது வேண்டும்? இருட்டான அறைக்கு வெளிறிய பக்கத்தைக் கதவை நோக்கி வைப்பேன். வெயில் நிறைய வரும் அறைக்கு அடர்ந்த பக்கம். ஒரே கம்பளத்தில் இரண்டு நிறங்கள் கிடைக்கின்றன என்பது விஸ்கோஸ் தரும் பரிசு. அதைப் பயன்படுத்தாமல் விரித்துவிடாதீர்கள்.

கனமான மேசை, கட்டில் கால்களுக்கடியில் ஃபெல்ட் வட்டுகளை ஒட்டுங்கள். கம்பளியில் விழும் பள்ளத்தை நீராவி காட்டி நிமிர்த்தலாம் என்பார்கள், இங்கே அது உதவாது. சில மாதங்களுக்கு ஒருமுறை சாமானை ஓரிரு அங்குலம் நகர்த்தி, பள்ளம் விழுந்த நூலை விரல் நுனியால் கோதிவிட்டால் போதும்.

படி 6: வாராவாரம்

வாக்குவம் கிளீனரின் சுழலும் தூரிகையை நிறுத்திவிட்டு உறிஞ்சும் பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். தூரிகை விஸ்கோஸ் நூலை அறுத்துப் பஞ்சாக்கிவிடும். நூல் சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுங்கள், முன்னும் பின்னுமாகத் தேய்க்க வேண்டாம். குஞ்சத்தின் மேல் ஓட்டக்கூடாது. முதல் சில வாரங்கள் பை நிறையப் பஞ்சு சேரும், பதற வேண்டாம், குறைந்துவிடும். மேலே நீட்டிக்கொண்டு ஏதாவது நூல் தெரிந்தால் இழுக்காமல் கத்தரியால் மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள்.

நடந்த இடத்தில் தடம் தெரிவது, ஒரு பகுதி மட்டும் நிழல் போலத் தெரிவது எல்லாம் பழுதில்லை. நூல் திசை மாறிப் படுத்திருக்கிறது, அவ்வளவே. உலர்ந்த மென்தூரிகையால் ஒரே திசையில் வாரிவிட்டால் பெரும்பாலும் சரியாகும். இந்தத் தடங்களைப் பார்த்து மனம் சலிப்பவர் என்றால் விஸ்கோஸ் உங்களுக்கு ஒத்துவராது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

படி 7: எதாவது சிந்திவிட்டால்

இந்தப் பகுதியை வீட்டில் எல்லோரும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. அந்த நேரத்தில் தேடிப் படிக்க அவகாசம் இருக்காது.

உடனே உலர்ந்த வெள்ளைப் பருத்தித் துணியை எடுங்கள். நிறத்துணி வேண்டாம், அதன் சாயம் இறங்கிவிடும். சிந்திய இடத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். தேய்க்கவே கூடாது. துணி நனைந்ததும் வேறு துணி. கம்பளத்தைத் தூக்கி அடியிலும் ஒரு துண்டை வையுங்கள், மேலே இன்னொன்றை வைத்துக் கனமான எதையாவது ஏற்றுங்கள். துணியில் ஈரம் ஏறுவது நிற்கும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கெட்டியாக ஏதும் விழுந்திருந்தால் கரண்டி விளிம்பால் அள்ளி எடுத்துவிட்டுத்தான் ஒற்ற வேண்டும்.

பிறகு காற்று. மின்விசிறியைத் தாழ்வாக வைத்து வீசவிடுங்கள், அல்லது ஹேர் டிரையரைக் குளிர்ந்த காற்றில் வைத்துக் காட்டுங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: முழுவதும் காயும் வரை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நூல் லேசான ஈரத்தோடு இருக்கும்போதே விரல்களால் மெதுவாகக் கோதி, சாய்ந்திருக்க வேண்டிய திசைக்குக் கொண்டுவாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து கோதிக்கொண்டே இருந்தால் நூல்கள் ஒட்டி விறைப்பதை வெகுவாகத் தவிர்க்கலாம்.

நிறமுள்ள பானம் சிந்தி, ஒற்றிய பிறகும் கறை தெரிந்தால், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை அதில் நனைத்து ஒட்டப் பிழிந்து, முதலில் மறைவான மூலையில் சோதித்துவிட்டு, கறையின் மேல் மெல்ல ஒற்றலாம். கம்பளத்தின் மேல் நேராக ஊற்றவோ தெளிக்கவோ கூடாது. வினிகர் ஏன் என்றால், காரத்தன்மையில் செல்லுலோஸ் மஞ்சளிக்கும், லேசான அமிலம் அதைத் தடுக்கும். இதே காரணத்தால் சமையல் சோடா போடுங்கள், சோப்பு நுரை தேயுங்கள் என்ற அறிவுரைகளை விஸ்கோஸில் பின்பற்றாதீர்கள். இரண்டும் காரம். எண்ணெய் சிந்தினால் சோளமாவைத் தூவிச் சில மணி நேரம் விட்டு, வாக்குவத்தால் உறிஞ்சி எடுங்கள், தேவைப்பட்டால் மறுபடியும் தூவுங்கள்.

இதற்கு மேல் போன கறையை நீங்களே போராடி எடுக்க முயல வேண்டாம். கறை எடுக்கப்போய் உண்டாகும் வளையம் கறையைவிடப் பெரிதாக இருக்கும்.

படி 8: சுத்தம் செய்பவரிடம் கேட்க வேண்டியவை

அட்டவணை போட்டு வருடாவருடம் கழுவக் கொடுக்காதீர்கள், தேவைப்படும்போது மட்டும் போதும். கொடுக்கும் முன் விஸ்கோஸ் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். இதற்கு முன் விஸ்கோஸ் செய்திருக்கிறாரா, எவ்வளவு ஈரம் பயன்படுத்துவார், எதைக்கொண்டு அலசுவார், எவ்வளவு நேரத்தில் உலர்த்துவார் என்று கேளுங்கள். வெந்நீரைப் பீய்ச்சி உறிஞ்சும் முறை என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குறைந்த ஈரம், தண்ணீருக்குப் பதில் கரைப்பான் திரவம் சார்ந்த முறை, அமில அலசல், வேகமாக உலர்த்துவது என்று அவரே பேசத் தொடங்கினால் நம்பலாம். பழைய மஞ்சளிப்பை அவர் குறைக்க முடியும், முழுதாகப் போக்குவேன் என்று யாரும் உறுதி கொடுக்க இயலாது. என் சாம்பல் கம்பளத்தின் வளையம் பாதி மங்கியது. மீதியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

சுற்றுச்சூழல் பற்றிக் கேட்பவர்களுக்கு

மரத்திலிருந்து வந்தது, மக்கிப்போகும், ஆகவே பசுமையானது என்று விளம்பரங்கள் சொல்லும். இழை மட்டும் பார்த்தால் மக்கும் என்பது உண்மை. ஆனால் தயாரிப்பில் வரும் கார்பன் டைசல்ஃபைடு நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் நச்சு. விஸ்கோஸ் ஆலைத் தொழிலாளர்கள் அதனால் நோயுற்ற வரலாறு நீண்டது. நல்ல ஆலைகள் அந்த வாயுவைப் பிடித்து மறுபடி பயன்படுத்துகின்றன, எல்லா ஆலைகளும் அப்படி இல்லை. மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதும் கேள்விதான். காட்டைப் பொறுப்போடு பராமரிப்பதற்குக் கொடுக்கும் எஃப்.எஸ்.சி. சான்று உள்ள மரக்கூழா என்று கேட்டுப் பாருங்கள். லயோசெல் என்ற இழையும் மரக்கூழில் செய்வதுதான், ஆனால் அதில் கார்பன் டைசல்ஃபைடு இல்லை, கரைப்பானை ஏறக்குறைய முழுவதும் மீட்டெடுக்கிறார்கள். ஈரத்திலும் விஸ்கோஸைவிட வலுவானது. கம்பளங்களில் அரிதாகத்தான் கிடைக்கிறது. கண்ணில் பட்டால் நான் அதையே எடுப்பேன்.

படி 9: சுருட்டி வைப்பதும் திருப்பிப் போடுவதும்

வீடு மாறும்போதோ ஈரக்காற்று நாட்களிலோ எடுத்து வைப்பதானால், தூசி போக உறிஞ்சி, நன்றாக உலர்ந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு சுருட்டுங்கள். மடிக்க வேண்டாம். பருத்தி விரிப்பால் சுற்றுங்கள். பிளாஸ்டிக் சுற்றினால் உள்ளே ஈரம் சிக்கிப் பூஞ்சை பிடிக்கும். தரையில் படாமல் உயரத்தில் படுக்கவையுங்கள். கம்பளித்துணியைத் தின்னும் அந்துப்பூச்சி விஸ்கோஸைத் தொடாது, ஆனால் செல்லுலோஸைத் தின்னும் வெள்ளிப்பூச்சி தொடும். புத்தக அலமாரியில் வெள்ளிப்பூச்சி இருந்தால் அதே அறையில் கம்பளத்தை வைக்காதீர்கள். கலப்பு நூலாக இருந்தால் இரண்டையும் பார்க்க வேண்டியிருக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்துக் காற்றாட விடுங்கள்.

விரித்தே இருக்கும் கம்பளத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைகால் மாற்றித் திருப்பிப் போடுங்கள். வெயிலும் மிதிபடுவதும் இரு முனைக்கும் சமமாகப் பங்கிடப்படும். நாள் மறந்துவிடும் என்பதால் பின்பக்கச் சீட்டின் பக்கத்தில் ஒரு சிறு துணித்துண்டைத் தைத்து அதில் தேதியை எழுதி வைத்திருக்கிறேன். முதல்முறை திருப்பியதும் கம்பளத்தின் நிறமே மாறிவிட்டது போலத் தெரியும், சாயம் போய்விட்டதோ என்று திடுக்கிடுவீர்கள். சாயம் அப்படியேதான் இருக்கிறது. நூல்கள் இப்போது கதவைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன.